எட்டரை மணிக் கணக்கு

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியைப் பத்தி ஊரே பேசினது ஞாபகம் இருக்கா மக்களே? குந்தா மலையில, எமரால்டு பக்கம் இருக்கிற குட்டி இடம். 7, 8, 9 தேதிகளில் காலை எழுதின மழை அளவு 405, 820, 911 மில்லிமீட்டர். கூட்டினா 2136. சென்னைக்கு வருஷம் பூரா பெய்யற சராசரியே 1400 சொச்சம்தான்! மண்சரிவு, துண்டான ரோடுன்னு எல்லாம் நியூஸ்ல வந்துச்சு. அந்த மழையை அளந்தது யாருன்னு மட்டும் வரலை.

மழை அளக்கறது பெரிய வித்தை இல்லைன்னு தோணும். இந்தியாவுல ரொம்ப நாளா புழக்கத்துல இருந்த சைமன்ஸ் மழைமானியில இருக்கிறது ஒரு புனல், ஒரு பாட்டில், கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். புனலோட வாய் 12.7 செ.மீ., நம்ம உள்ளங்கையை விடக் கொஞ்சம் அகலம். தினமும் காலை 8.30க்கு பாட்டிலை எடுத்து, குவளையில ஊத்திப் பாத்து, நோட்டுல எழுதணும். சிக்கல் எங்கன்னா, பாட்டில் கொள்றது 100 மி.மீ. மழைதான். நிரம்பி வழிஞ்சா கணக்கு போச்சு. அதனால அடைமழை நாள்ல நடுநடுவே போய் அளந்து கொட்டிட்டு வரணும், கடைசியில எல்லாத்தையும் கூட்டணும்.

பொட்டி தட்டறவன் புத்தி, உடனே கணக்கு போட்டுப் பாத்தேன். 911 மி.மீ. மழைன்னா அந்தச் சின்னப் புனல் வழியா பதினொன்றரை லிட்டர் தண்ணி இறங்கும். பத்து தடவையாவது பாட்டிலை எடுக்கணும். அதாவது ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடு ராத்திரியும் சேத்து. மலை சரியற சத்தம் கேக்கற ராத்திரியில!

சரி, இதெல்லாம் எதுக்கு? குந்தாவையே எடுத்துக்குவோம். காமராஜர் ஆட்சியில, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோட 1956-ல் தொடங்கின நீர்மின் திட்டம் இது. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு தண்ணி குந்தா, கெத்தை, பரளி, பில்லூர்னு படிப்படியா இறங்கி ஒவ்வொரு இடத்துலயும் கரண்ட் கொடுக்குது. ஆறு மின்நிலையமும் சேத்து 585 மெகாவாட். பில்லூர் தண்ணிதான் கோயமுத்தூர்ல குடிக்கவும் போகுது. அணை எவ்வளவு உயரம், எந்திரம் எவ்வளவு பெருசு, மதகை எப்பத் திறக்கணும்னு எதை முடிவு பண்ணவும் பல வருஷ மழைக் கணக்கு வேணும். திறப்பு விழாக் கல்வெட்டுல மந்திரி பேர் இருக்கும், சீஃப் இன்ஜினியர் பேர் இருக்கும். மழை அளந்தவர் பேரை எந்தக் கல்லுல பாத்திருக்கோம்?

சைமன்ஸ்ங்கிறவர் லண்டன்காரர். 1860-ல் 168 இடத்துக் கணக்கை வெச்சு ஆரம்பிச்சார். பாதிரியார், டாக்டர், தோட்டக்காரர்னு ஆளுங்களைப் பிடிச்சு, சம்பளம் கிடையாது, தினமும் அளந்து அனுப்புங்கன்னு கேட்டார். அனுப்பினாங்க! 1900-ல் அவர் இறந்தப்போ அளக்கறவங்க 3000 பேருக்கும் மேல.

நம்ம ஊர்ல கதை இன்னும் கனமானது. இந்திய வானிலைத் துறை 1875-ல் ஆரம்பிச்ச மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம். மழை எப்பப் பொய்க்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமாங்கிற கேள்வி அப்போ உயிர்க் கேள்வி. 1904-ல் துறைத் தலைவரா வந்த கில்பர்ட் வாக்கர் கணித ஆசாமி. வருஷக்கணக்கா எழுதிச் சேந்த மழை, காற்றழுத்த அட்டவணைகளை எல்லாம் கையாலேயே ஒப்பிட வெச்சார். இந்தியப் பெருங்கடல்ல அழுத்தம் ஏறினா பசிபிக்ல இறங்குதுன்னு தெரிஞ்சுது. 1920-களில் அதுக்கு தெற்கத்திய அலைவுன்னு பேர் வெச்சார். 1969-ல் யாக்கப் பியர்க்னஸ் அதை எல் நினோவோட முடிச்சு போட்டார். இன்னிக்கு டிவியில சாதாரணமா எல் நினோ வருஷம்னு சொல்றாங்களே, அதுக்கு அடியில தாலுகா ஆபீஸ்ல நோட்டு எழுதின பேர் தெரியாத ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க.

டேட்டாபேஸ்ல குப்பை கொட்டறவங்களுக்கு ஒண்ணு புரியும்: பூஜ்யம் வேற, காலியா விட்ட கட்டம் வேற. பூஜ்யம்னா போய்ப் பாத்தேன், மழை இல்லைன்னு அர்த்தம். காலின்னா யாரும் போகலை. சராசரி போடறவனுக்கு அந்தக் காலிக் கட்டம்தான் தலைவலி. 911 பெருசுன்னு எப்படிச் சொல்றோம்? 1992-ல் மாஞ்சோலை பக்கம் கக்காச்சித் தேயிலைத் தோட்டத்துல ஒரே நாள்ல 965 பெஞ்சதை ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். அதனால 2019-ல் தமிழ்நாட்டு அளவுல அவலாஞ்சிக்கு ரெண்டாவது இடம்னு தெரிஞ்சுது.

இந்த 911 மாதிரி எழுதற நாள் ஒருத்தர் சர்வீஸ்ல ஒரு தடவை வந்தாலே அதிகம். மத்த நாளெல்லாம் 4.2, 0.6, அந்த மாதிரிதான். ஜனவரியில குந்தாப் பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும். வானத்துல ஒரு மேகம் இருக்காது. அன்னிக்கும் எட்டரைக்கு ஸ்வெட்டர், மஃப்ளரோட நடந்து போய், புனலைத் தூக்கி, காலி பாட்டிலைப் பாத்துட்டு வந்து எழுதணும்: 0.0.