கட்டி முடிக்கும் முன்பே விலை சொல்ல முடியுமா? - எஸ்டிமேட்டின் கதை

வீடு கட்டப் போகிறவர் கான்ட்ராக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். அவரும் ரொம்ப யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்வார். பெரும்பாலும் அது பெரிதாகத் தப்பாகவும் போகாது. காரணம் எளிது. அதே ஊரில், அதே செங்கல்லில், அதே கொத்தனார்களை வைத்து அதே மாதிரி வீடுகளை அவர் ஏற்கெனவே நிறையக் கட்டியிருப்பார்.

இதே கேள்வியை ஒரு குளிர்பதனக் கிடங்குக்குக் கேட்டுப் பாருங்கள். உள்ளே எத்தனை டிகிரி குளிர் வேண்டும் என்று தெரியாமல் அவரால் வாயைத் திறக்கவே முடியாது. ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனை என்றால் சுவரையும் கூரையையும் விட, அவற்றுக்குள் ஓடும் காற்றுக்குழாய், ஆக்சிஜன் குழாய், மின்சார வயர் ஆகியவைதான் பெரிய தலைவலி. டேட்டா சென்டருக்குச் சதுர அடிக் கணக்கே பெரிதாக உதவாது. ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு என்றுதான் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட சிறப்புக் கட்டடங்களுக்கும் செயற்கை நுண்ணறிவு (சுருக்கமாக ஏஐ) செலவைக் கணித்துச் சொல்லும் என்று இப்போது மென்பொருள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவை எவ்வளவு தூரம் உதவும்? இதற்குப் பதில் தேட, எஸ்டிமேட் போடும் கலையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

எபேசு நகரத்துச் சட்டம்

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தன் நூலின் பத்தாம் பகுதியின் முன்னுரையில் ஒரு சுவாரசியமான விஷயம் சொல்கிறார். கிரேக்கர்களின் எபேசு நகரத்தில் பழைய சட்டம் ஒன்று இருந்ததாம். அரசாங்கக் கட்டடம் ஒன்றை ஏற்கும் கலைஞர், எவ்வளவு செலவாகும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அவருடைய சொத்து அதிகாரிகளிடம் பிணையாகப் போய்விடும். சொன்ன செலவுக்குள் முடித்தால் பாராட்டும் மரியாதையும் உண்டு. நான்கில் ஒரு பங்கு வரை கூடினால் அந்தக் கூடுதலைக் கஜானா கொடுக்கும். அதற்கும் மேல் போனால் கலைஞரின் சொத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள்!

ரோமிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கக் கூடாதா என்று விட்ருவியஸ் ஏங்குகிறார். அதாவது, எஸ்டிமேட்டைத் தாண்டிச் செலவாவது 2000 வருடத்துக்கு முன்பே பழகிப்போன தொல்லை. 25 சதவீதம் வரை பிசகலாம் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டதையும் கவனியுங்கள்.

லண்டன் எரிந்த பிறகு

அடுத்து 1666-க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் பற்றிய பெருந்தீயில் சுமார் 13,200 வீடுகள் அழிந்தன. நகரத்தையே மறுபடி கட்ட வேண்டிய நிலை. அதுவரை தச்சருக்கும் கொத்தனாருக்கும் நாள்கூலி கொடுப்பது பரவலான வழக்கம். இவ்வளவு வேலையை நாள்கூலியில் கொடுத்தால் கஜானா தாங்காது. எனவே செய்த வேலையை அளந்து, அளவுக்குக் காசு கொடுக்கும் முறை பெருகியது. அளப்பதற்கென்றே தனி ஆட்கள் உருவானார்கள். இன்றைய குவாண்டிட்டி சர்வேயர்களின் முன்னோர்கள் இவர்கள்தான்.

19-ஆம் நூற்றாண்டில் முழு வேலையையும் ஒரே கான்ட்ராக்டர் ஏற்கும் முறை வந்தபோது, இந்த அளவெடுப்பு தலைகீழானது. கட்டிய பிறகு அளந்தவர்கள், கட்டும் முன்பே வரைபடத்தைப் பார்த்து அளக்க ஆரம்பித்தார்கள். இத்தனை கன அடி செங்கல் வேலை, இத்தனை கதவு, இத்தனை ஜன்னல் என்று ஒரு அளவுப் பட்டியல் தயாராகும். டெண்டர் போடும் எல்லோரும் அதே பட்டியலுக்கு விலை எழுதுவார்கள். 1868-ல் லண்டனில் சர்வேயர்களுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. 1922-ல் எதை எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதிமுறையே அச்சாகி வந்தது.

அருமையான ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரைபடம் முழுமையாக இருக்க வேண்டும். வரையாத சுவரை யாராலும் அளக்க முடியாது.

வரைபடம் இல்லாதபோது?

முதலீடு செய்பவருக்கோ வரைபடம் தயாராகும் முன்பே எண் தேவை. கடன் வாங்கலாமா, இடத்தை வாங்கலாமா என்று முடிவெடுப்பதே அதை வைத்துத்தானே! இதற்கு 20-ஆம் நூற்றாண்டில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஏற்கெனவே கட்டியவற்றின் கணக்கைப் பார்த்துப் புதியதை ஊகிப்பது.

ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு 1940-களின் பிற்பகுதியில் ஒரு சூத்திரம் வந்தது. 'பத்தில் ஆறு' விதி என்று சொல்லலாம். உற்பத்தித் திறன் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் 0.6 அடுக்குதான் செலவின் மடங்கு. அதாவது இரண்டு மடங்கு பெரிய ஆலைக்கு இரண்டு மடங்கு செலவாகாது, சுமார் ஒன்றரை மடங்குதான் ஆகும். துல்லியம் குறைவு. ஆனாலும் ஒரு காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏராளமான பள்ளிகளைக் கட்ட வேண்டியிருந்தது. அங்கே கட்டடத்தை அஸ்திவாரம், கூரை, ஜன்னல், வெப்ப வசதி என்று பாகம் பாகமாகப் பிரித்து, பழைய பள்ளிகளில் ஒவ்வொன்றுக்கும் என்ன செலவானது என்று ஒப்பிட்டார்கள். 1962-ல் இந்த மாதிரித் தகவல்களைச் சேர்த்து எல்லோருக்கும் தரும் அமைப்பு ஒன்றையும் சர்வேயர்கள் தொடங்கினார்கள். இன்றைய ஏஐ செய்வதும் அடிப்படையில் இதேதான். பழைய கணக்கிலிருந்து புதியதை ஊகிப்பது.

பழைய கணக்கே இல்லாத கட்டடம் என்றால்? அங்கேதான் சிட்னி வருகிறது.

சிட்னி ஆப்பரா ஹவுஸ்

கடலோரத்தில் வெள்ளைப் பாய்மரங்கள் போல நிற்கும் அந்தக் கட்டடத்தை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்போம். போட்டியில் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்ஸன் வரைந்த வடிவம் 1957-ல் தேர்வானது. அப்போது சொன்ன செலவு 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு. 1966-ல் வந்த டாலர் கணக்கில் 70 லட்சம் டாலர். 1963 ஜனவரியில் முடித்துவிடுவதாகத் திட்டம்.

முடிந்தது 1973-ல். ஆன செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். பதினான்கு மடங்குக்கும் மேல்! இடையில் பத்து வருடம் தாமதமானதால் விலைவாசி ஏறியதும் இதில் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தாலும் வித்தியாசம் பயங்கரமானதுதான்.

என்ன நடந்தது? யாரும் கூட்டலில் கோட்டை விடவில்லை. போட்டிக்கு உட்ஸன் அனுப்பியவை பெரும்பாலும் ஓவியம் போன்ற வரைபடங்கள். அந்தக் கூரை எந்தக் கணித வடிவம், எப்படி நிற்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அரசியல் காற்று மாறிவிடுமோ என்று பயந்த மாநில அரசு, 1959 மார்ச்சிலேயே வேலையைத் தொடங்க வைத்தது. மேலே வரப்போகும் கூரையின் எடை தெரியாமலேயே கீழே தூண்கள் எழுந்தன. பிறகு அவற்றால் கூரையைத் தாங்க முடியாது என்று தெரிந்து, மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று.

கூரைக்கு விடை கிடைத்தது 1961-ல். எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டிய துண்டுகளாக வைத்தால், ஒரே அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்கலாம். பொறியாளர் ஓவ் அரூப்பின் நிறுவனம் கூரைக் கணக்குக்குக் கணினியையும் பயன்படுத்தியது. கட்டுமானத்தில் கணினி இறங்கிய ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று! கணக்குப் போடும் சக்தி அங்கே குறைவில்லை.

அதோடு முடியவில்லை. அரசு மாறியது. பணம் தருவதில் புதிய அமைச்சருடன் தகராறு வந்து 1966 பிப்ரவரியில் உட்ஸன் விலகினார். பிறகு பெரிய அரங்கம் ஆப்பரா, இசைக் கச்சேரி இரண்டுக்கும் என்று இருந்ததைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே பொருத்திய மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். 1957-ல் எஸ்டிமேட் போட்டவர் இதையெல்லாம் எந்தப் பட்டியலில் எழுதியிருக்க முடியும்?

இவ்வளவுக்கும் கட்டடம் தோல்வி இல்லை. பெரும்பகுதிப் பணம் அரசு லாட்டரியில் வந்தது. 1975-ல் கடன் அடைந்துவிட்டது. இன்று ஆஸ்திரேலியா என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் உட்ஸன் கட்டி முடித்த கட்டடத்தை நேரில் பார்க்காமலேயே 2008-ல் இறந்துபோனார்.

எண் ஏன் குறைவாகவே வருகிறது?

டென்மார்க் பேராசிரியர் பென்ட் ஃபிளிவ்பியர்க்கும் அவர் குழுவும் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 258 போக்குவரத்துக் கட்டுமானத் திட்டங்கள். பத்தில் ஒன்பதில் செலவு எஸ்டிமேட்டைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம், பாலம் மற்றும் சுரங்கப்பாதையில் 34 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம். எழுபது வருடத் தகவலில் இது குறைந்ததற்கான அடையாளமே இல்லை.

இங்கே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் கணக்குப் பிழை என்றால் பாதி தடவை கூடவும் பாதி தடவை குறையவும் வேண்டுமே? ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் காரணம் மனிதர்களிடம்தான் இருக்க வேண்டும். ஒன்று, நம் வேலை மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பும் இயல்பு. இதை டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். இன்னொன்று, திட்டம் அனுமதி பெற வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே குறைத்துச் சொல்வது. டெண்டரில் ஜெயிக்க வேண்டும் என்றாலும் இதே ஆசை வரும்.

ஏஐ எங்கே நிற்கிறது?

கட்டடச் செலவுக்கு நியூரல் நெட்வொர்க் பயன்படுத்துவது புதுசு இல்லை. 1998-லேயே கனடாவில் நெடுஞ்சாலைச் செலவைக் கணிக்க ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அதற்குக் கிடைத்தவை நியூஃபவுண்ட்லாந்தின் 18 சாலைத் திட்டங்கள். வெறும் 18! 2004-ல் தென்கொரியாவில் இன்னொரு ஆய்வு. சியோலில் கட்டிய 530 குடியிருப்புக் கட்டடங்களின் செலவுக் கணக்கை வைத்து மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள். துல்லியத்தில் நியூரல் நெட்வொர்க்தான் முதலிடம். ஆனால் நீண்ட காலப் பயன்பாட்டுக்கும், விடை எப்படி வந்தது என்று புரிந்துகொள்வதற்கும், பழைய கட்டடங்களில் இதைப் போன்றது எது என்று தேடி ஒப்பிடும் முறையே மேல் என்று முடித்தார்கள்.

இந்த 530-க்கும் 18-க்கும் இடையில்தான் நம் கேள்வியே இருக்கிறது. அடுக்குமாடி வீடு என்றால் நூற்றுக்கணக்கில் உதாரணம் கிடைக்கும். குறிப்பிட்ட வகை ஆய்வுக்கூடமோ மைனஸ் 25 டிகிரி கிடங்கோ எத்தனை கிடைக்கும்? கிடைத்தாலும் அந்தக் கணக்கு கம்பெனிகளின் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். வெளியே தெரிவது பெரும்பாலும் டெண்டர் தொகைதான், கடைசியில் ஆன செலவு இல்லை. டெண்டர் தொகையை வைத்துப் பழகிய மென்பொருள், டெண்டர் போட்டவர்களின் அதே நம்பிக்கையைத்தான் திருப்பிச் சொல்லும். சிட்னியின் 70 லட்சத்தை ஊட்டி வளர்த்தால் அது 10 கோடியை எப்படி அறியும்?

ஏஐயால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. வரைபடத்தைப் படித்துச் சுவர், கதவு, விளக்கு எண்ணும் வேலையில் அது மனிதரின் நாட்களை மிச்சப்படுத்துகிறது. அந்த வகையில் அது 1666-க்குப் பிறகு வந்த அளவெடுப்பவர்களின் வாரிசு. ஆனால் வரையாத சுவரை அதாலும் அளக்க முடியாது.

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் கான்ட்ராக்ட் காஸ்டிங் என்று ஒரு அத்தியாயம் உண்டு. விலை ஏறினால் ஒப்பந்தத் தொகையும் ஏறும் என்ற ஷரத்து அதில் வரும். சிமெண்டும் இரும்பும் ஏறினால் யார் தலையில் விழும் என்பதை முன்பே முடிவு செய்வதுதான் அதன் வேலை. எஸ்டிமேட்டுக்கும் இதே மாதிரி ஒழுங்கு வேண்டும் என்று தோன்றுகிறது. ஏஐ சொல்லும் விலையை ஒரே எண்ணாக வாங்கக் கூடாது. "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று கேட்க வேண்டும். எத்தனை கட்டடங்களைப் பார்த்துச் சொல்கிறது, அவற்றின் இறுதிச் செலவைப் பார்த்ததா என்றும் கேட்க வேண்டும். வடிவமைப்பில் இன்னும் முடிவாகாதவை எவை என்று தனியாக எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எபேசுக்காரர்கள் கலைஞரின் சொத்தைப் பிணை வாங்கியது ஏன்? சொன்ன எண்ணுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக. மென்பொருளுக்குச் சொத்து கிடையாது. எண் தவறினால் அது எதையும் இழக்கப் போவதில்லை. கடன் கொடுத்த வங்கியும், பாதியில் நின்ற கட்டடத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் முதலாளியும், கூலி பாக்கி வராத தொழிலாளியும்தான் இழப்பார்கள். எனவே கணினி எவ்வளவு அழகாகப் பட்டியல் போட்டுத் தந்தாலும், கீழே கையெழுத்துப் போடுபவர் யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.