மாகோனுக்கு ஒரு கல்கி வாய்க்கவில்லை

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது வாசகர் பலருக்கு மனம் நிறையவில்லை. கதை சட்டென்று நின்றுவிட்டதே, இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்டு எழுதினார்கள். முழுக்கக் கற்பனையான கதையை முடிப்பதுபோலச் சரித்திரக் கதையை முடித்துவிட இயலாது என்று கல்கி முடிவுரையில் விளக்கி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்த முடிவுரையை நாவலின் எந்த அத்தியாயத்தையும்விட அதிக ஆவலுடன் நான் படித்திருக்கிறேன்.

2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்தபோது அதே கேள்விகள் புதுத் தலைமுறையின் வாயிலிருந்து எழுந்தன. நந்தினி எந்த ஊர்க்காரி என்று மட்டக்களப்பில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நந்தினி கல்கியின் கற்பனை, பூங்குழலியும் அப்படியே. வந்தியத்தேவன் இருந்தவன், குந்தவையின் கணவனாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவனைச் சொல்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதைக் கல்கி மூடுபனிக்குள் விட்டுவிட்டார். உடையார்குடிக் கல்வெட்டிலோ சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களே இருக்கின்றன. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஏமாற்றமே தெரிந்தது. கல்வெட்டைவிட நந்தினி அவருக்கு நெருங்கியவள். அதில் அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆங்கிலேயருக்கும் இந்த வழக்கு உண்டு. ஆர்தர் மன்னனைப் பற்றிப் பேர்னாட் கோர்ன்வெல் 1995 முதல் 1997 வரை மூன்று நாவல்களை வெளியிட்டார். அவற்றில் ஆர்தர் மன்னனே அல்லன். குழந்தை அரசனுக்காகப் போரிடும் படைத்தலைவன். மாவீரன் என்று பெயர்பெற்ற லான்சலொட் அங்கே கோழை. பணம் பெற்றுப் பாடும் புலவர்கள் கட்டிய புகழில் வாழ்பவன். வாசகர் இரண்டு பட்டனர். உண்மையான ஆர்தர் இவன்தான் என்றது ஒரு சாரார். எங்கள் லான்சலொட்டைக் கெடுத்துவிட்டார் என்றது மறுசாரார். இத்தனைக்கும் அக்காலத்தை ஒட்டி எழுதிய கில்டாஸ் என்ற துறவி ஆர்தரின் பெயரையே சொல்லவில்லை. போர்த்தலைவன் என்ற குறிப்பு 9ஆம் நூற்றாண்டு நூலொன்றில் வருகிறது. லான்சலொட்டோ 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கொண்டுவந்து சேர்த்த ஆள். இல்லாத ஒருவனின் மானத்திற்காக வழக்காடியிருக்கிறார்கள்!

இனி எங்கள் வாவிக்கரைக்கு வருகிறேன். கல்கியின் கதை இலங்கைக்கு வந்தாலும் மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் என்று வடக்கிலும் நடுவிலுமே சுற்றுகிறது. மட்டக்களப்புக்கு அது வந்து சேரவில்லை. ஆனால் ஆர்தருக்கு நிகரான ஒருவன் எங்களுக்கு உண்டு. அவன் காலிங்க மாகோன்.

மாகோன் சரித்திரத்தில் இருந்தவன், அதில் ஐயமில்லை. 1215இல் படையுடன் வந்து, பராக்கிரம பாண்டியனின் கண்களைப் பிடுங்கி, பொலநறுவையில் முடிசூடினான். 21 ஆண்டுகள் ஆண்டான் என்கிறது சூளவம்சம். அந்நூல் அவனை ஒரு கொடிய நெருப்பாகவே காண்கிறது. விகாரைகள் இடிந்தன, தாதுகோபங்கள் உடைந்தன, ஏட்டுச் சுவடிகள் கயிறறுத்துச் சிதறப்பட்டன என்று அது அடுக்கிச் செல்கிறது.

அதே மனிதன் ‘மட்டக்களப்பு மான்மியத்தில்’ வேறு முகத்துடன் வருகிறான். எவ். எக்ஸ். சி. நடராசா ஏடுகளைப் பரிசோதித்து 1962இல் பதிப்பித்த நூல் அது. அங்கே மாகோன் கோயில்களுக்கு ஒழுங்கு செய்தவன். இன்ன குடிக்கு இன்ன ஊழியம், இன்ன வரிசை என்று வகுத்தவன். மாகோன் வகுத்த வன்னிமை என்பது இன்றும் படுவான்கரையில் முதியோர் வாயில் புழங்கும் சொல். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் போன்ற தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் யார், முன்னீடு யாருக்கு என்று பேச்சு எழும்போது அவன் பெயரும் கூடவே எழுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாண்டவனைச் சாட்சிக்கு அழைக்கும் ஊர் எங்களுடையது.

மான்மியம் முழுவதும் சரித்திரம் என்று நான் சொல்லமாட்டேன். உலகநாச்சியின் கதையைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து புத்தரின் தந்தத்தைக் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்து, அதற்குப் பரிசாக மண்முனையில் நிலம் பெற்றவள் அவள். தாதாவம்சத்தில் இதே செயலைச் செய்பவள் ஹேமமாலா. அவளும் கலிங்கத்து இளவரசி, அவளும் கூந்தலில்தான் மறைக்கிறாள். ஒரே கதை இரண்டு மொழிகளில் இரண்டு பெண்களுக்குச் சொந்தமாகியிருக்கிறது. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று சண்டையிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு காலத்தில் இக்கதை வாவியின் இரு கரைகளிலும் மலைநாட்டிலும் ஒருசேர உலவியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

இவ்வளவு பொருள் இருந்தும் மாகோனைப் பற்றிக் கல்கிக்கு நிகரான ஒரு தொடர்கதை நமக்கு ஏன் வாய்க்கவில்லை? கிழக்கில் எழுத ஆளில்லை என்பது வீண்பேச்சு. எழுதுகோல் தயங்குகிறது என்பதே என் எண்ணம். சோழர் கதையில் கல்கி யாரைக் கொன்றாலும் யாரை மணமுடித்தாலும் இன்றைக்கு எவருடைய காணியும் பறிபோகப்போவதில்லை. மாகோனின் கதையில் ஒரு குடியின் பெயரை இடம்மாற்றி வைத்தால் மறுநாள் கோயில் கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இது ஒரு பக்கம். மறுபக்கம், இந்நாட்டின் இன்னொரு மொழியில் அவன் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். நாம் அவனைத் தூக்கிப் பிடித்தால் ஓர் அர்த்தம், விட்டுவிட்டால் வேறோர் அர்த்தம்.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எழுதுபவர் பராக்கிரம பாண்டியனின் கண்களையும் சிதறிய சுவடிகளையும் தாண்டிக் குதித்துக் கோயில் வரிசைக்குப் போய்விடக் கூடாது. அவற்றைத் தாண்டினால் அது நாவலாகாது, இன்னொரு மான்மியம். சுவடியை அறுத்தவனும் வரிசை வகுத்தவனும் ஒரே ஆள் எப்படி ஆனான் என்பதில்தான் நாவலே இருக்கிறது. கோர்ன்வெல் செய்ததுபோல் கதையை ஒரு சாதாரணப் படைவீரனின் வாயில் வைத்தால் வழி பிறக்கலாம். அவன் மன்னனை நேசித்தவனாகவும் அவன் செய்தவற்றைக் கண்ணால் கண்டவனாகவும் இருக்கட்டும்.

சென்ற ஆண்டு இதை ஓர் இளம் எழுத்தாளரிடம் சொன்னேன். கதை எங்கே தொடங்கும் ஐயா என்று கேட்டார். மண்முனைத் துறையில் தொடங்கும் என்றேன். 2014இல் பாலம் வந்த பிறகு அந்த வழியாகத் தோணியில் கடந்தவர் எத்தனைபேர் என்று கேட்டு அவர் சிரித்தார். அவருடைய அம்மம்மா கடந்தவராம். அவரிடம் முதலில் கேட்டு எழுதுகிறேன் என்றார்.