குரலை எடுத்துட்டா மிச்சம் என்ன?

போன மாசம் என் ரூம்மேட்டைப் பாட வச்சு ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணினேன். அப்புறம் ரெண்டு ராத்திரி லேப்டாப்பே கதின்னு உட்கார்ந்து அதை 'டப்' ஆக்கினேன். குரலை முக்கால்வாசி வெட்டியாச்சு. மிச்சம் பேஸ், டிரம்ஸ், எக்கோ. பெருமையா ஹெட்போனை அவன் காதுல மாட்டினேன். நாலு நிமிஷம் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நான் எங்கடா?"

சுருக்குன்னு இருந்துச்சு. "டப்னா அப்படித்தாண்டா"ன்னு சொல்லி அவன் வாயை அடைச்சுட்டேன். ஆனா அது சரியான பதில்தானான்னு யோசிக்கப் போய், மறுபடி ஜமைக்கா வரலாற்றுல விழுந்தேன். அந்தக் கதைதான் இது.

1950கள்ல கிங்ஸ்டன் நகரத்துல ஏழை ஜனங்களுக்குப் பாட்டுன்னா 'சவுண்ட் சிஸ்டம்'தான். நம்ம ஊர் திருவிழா மைக் செட்டைப் பத்து மடங்கு பெருசாக்கி நினைச்சுக்குங்க. ஆளுயர ஸ்பீக்கர், ரெண்டு மூணு பேர் சேர்ந்து தூக்குற ஆம்ப்ளிஃபையர், திறந்தவெளியில ஆட்டம். நுழைவுக் கட்டணமும் குடிக்கிற சரக்கும்தான் வருமானம். பக்கத்துத் தெரு செட்டுல நல்ல பாட்டு ஓடுச்சுன்னா கூட்டம் அங்கே போயிடும். அதனால எந்த செட்டுக்காரரும் கூட்டத்தோட முகத்தைப் பார்க்காம பாட்டுப் போட முடியாது.

1960களோட கடைசியில நடந்ததா ஒரு சம்பவம் சொல்றாங்க. ஸ்பானிஷ் டவுன் ஊர்ல ரடி ரெட்வுட்னு ஒரு செட்டுக்காரர். டியூக் ரீடோட ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவுல தனக்குன்னு ஒரு தட்டு வெட்டி வாங்குறார். வெட்டும்போது இன்ஜினியர் பைரன் ஸ்மித் பாரகன்ஸ் குழுவோட குரல் தடத்தைச் சேர்க்க மறந்துட்டார். வெறும் வாத்தியம்தான் பதிவாச்சு. ரெட்வுட் அதைத் தூக்கிப் போடலை. ராத்திரி ஆட்டத்துல முதல்ல குரலோட இருக்குற தட்டு, அடுத்து குரல் இல்லாத தட்டு. கூட்டம் என்ன பண்ணுச்சுன்னா, விட்டுப்போன குரலைத் தானே பாட ஆரம்பிச்சிடுச்சு!

யோசிச்சுப் பாருங்க. அது ஒரு பிழை. எங்க ஆபீஸா இருந்தா உடனே 'பக்'னு பதிவு பண்ணி மூடியிருப்போம். அங்கே கூட்டம் கேட்டதால அதுவே ஒரு வடிவமாச்சு. சீக்கிரமே ஜமைக்கா இசைத்தட்டுகளோட பின்பக்கத்துல 'வெர்ஷன்'னு போட்டு, குரல் இல்லாத பாட்டை வைக்கிறது வழக்கமாயிடுச்சு.

இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். ஆஸ்போர்ன் ரடக், 1941ல பிறந்தவர். உலகத்துக்கு அவர் கிங் டப்பி. இசைக்கலைஞர் இல்லைங்க, ரேடியோ ரிப்பேர் பண்றவர், டிரான்ஸ்பார்மர் சுத்துறவர். சொந்தமா ஹோம் டவுன் ஹைஃபைன்னு ஒரு செட் வச்சிருந்தார். அந்த செட்டுல பாட்டுக்கு மேலே பேசிக் கலக்கினவர் யு-ராய். ட்ரெஷர் ஐல்ல தட்டு வெட்டுற வேலையும் டப்பி பார்த்தார். 1970களோட தொடக்கத்துல வாட்டர்ஹவுஸ் பகுதியில, டிராமிலி அவென்யூ 18ஆம் எண் வீட்டுல, டைனமிக் ஸ்டூடியோ கழிச்ச நாலு தட மிக்ஸரை வாங்கி வச்சார். பாடகர் நிக்கிற இடம், குளியலறையை மாத்திக் கட்டினது.

அந்த மிக்ஸர்ல தாழ்ந்த ஒலியைப் படிப்படியா அறுக்குற ஒரு பெரிய திருகு இருந்துச்சு. அதுதான் டப்பியோட கையெழுத்து. குரலை ஒரு சொல்லுல நிறுத்துவார். அந்தச் சொல்லை எக்கோவுக்கு அனுப்புவார். டேப் எக்கோன்னா, பதிஞ்ச ஒலி கொஞ்சம் தள்ளி இருக்குற ஹெட்ல திரும்பக் கேட்கும். அதை மறுபடி உள்ளேயே அனுப்பினா அலை அலையாப் போகும். எங்க எலக்ட்ரானிக்ஸ் பாடத்துல இதுக்குப் பேரு ஃபீட்பேக், பின்னூட்டம். கொஞ்சம் அதிகமா விட்டா ஊளையிடும், குறைச்சா செத்துடும். ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைத் தட்டி இடிச் சத்தம் எடுத்தார். எல்லாம் டேப் ஓடும்போதே, கையால. 'அன்டூ' கிடையாது :-)

ஆனா பெரிய பின்னூட்டம் மின்சுற்றுல இல்லை, ஆட்டக்களத்துல. புது மிக்ஸை முதல்ல அசிடேட் தட்டுல ஒரே பிரதி வெட்டி செட்டுல போடுவாங்க. கொஞ்ச தடவை ஓட்டினாலே தேய்ஞ்சிடும் தட்டு. கூட்டம் கத்தினா ஊசியைத் தூக்கி மறுபடி முதல்ல இருந்து. கத்தலைன்னா அந்த மிக்ஸ் அங்கேயே போச்சு. கேட்கிறவங்க சொன்னது அடுத்த வெர்ஷனுக்குள்ள போகும். 1973ல லீ பெர்ரியோட 'பிளாக்போர்ட் ஜங்கிள் டப்', 1976ல அகஸ்டஸ் பாப்லோவோட 'கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' எல்லாம் இப்படிப் பழகின கைகள்ல இருந்து வந்ததுதான். இன்ஜினியர் பேரைத் தட்டுல தேடி வாங்குற வழக்கமே அப்போதான் வந்துச்சு.

இதுல ஒரு கசப்பும் இருக்கு. வாசிச்சவங்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக் கூலி, அவ்வளவுதான். அதே தாளத்துல எத்தனை வெர்ஷன் வந்தாலும் பங்கு கிடையாது. ஜமைக்கா தனக்குன்னு காப்புரிமைச் சட்டம் போட்டது 1993ல. டப்பி அதைப் பார்க்கலை. 1989 பிப்ரவரி 6ஆம் தேதி தன் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு 48. யார் சுட்டாங்கன்னு கண்டுபிடிக்கவே இல்லை.

இதெல்லாம் படிச்சப்புறம்தான் என் ரூம்மேட் கேட்ட கேள்வி உறைச்சுது. ஸ்பானிஷ் டவுன் கூட்டம் குரல் இல்லாத பாட்டைப் பாடினது, அதுக்கு முன்னாடி குரலோட கேட்டதால. நான் அந்த முதல் தட்டைப் போடவே இல்லையே! எடுத்த உடனே வெட்டிட்டேன். கேட்கிறவன் மனசுல குரல் தங்கினாத்தானே அது இல்லாத இடம் காதுல விழும்.

நேத்து ராத்திரி அவனைப் பக்கத்துல உட்கார வச்சு மறுபடி மிக்ஸ் பண்ணினேன். பல்லவி முழுசா விட்டுட்டேன். அதுக்கப்புறம் எங்கே நிறுத்தணும்னு அவனையே மியூட் பட்டனை அழுத்தச் சொன்னேன். ரெண்டு இடத்துல நான் நினைச்சே பார்க்காத சொல்லுல நிறுத்தினான். ஒரு இடம் சுமார், இன்னொரு இடம் அருமை.

பாட்டுக்குக் கீழே மிக்ஸிங்னு இனிமே ரெண்டு பேர்.