விலங்கு பூண்ட விசுவாசம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எல்லை என்பது 1956 நவம்பர் 1-ஆம் நாள் வகுக்கப்பட்ட கோடு. விளவங்கோடு முதலிய வட்டங்கள் அன்று தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தது, நினைவு பிரியவில்லை. இருபுறத்தாரும் போற்றும் அந்நினைவுகளுள் ஒன்று, மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த நீலகண்டபிள்ளையின் வரலாறு.

மார்த்தாண்டவர்ம மன்னரின் அரண்மனை அலுவலராயிருந்த அவர், கால்நடை இழப்பும் பொருளிழப்பும் நேர்ந்து மனம் சோர்ந்திருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான டிலனாய், அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைக் கூறினார். அனைத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாதவன் கதை அது. அக்கதையே அவர் உள்ளத்தைத் திருப்பியது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

விசுவாசம் ஒரு பேரமாக இருந்திருப்பின், அதன்பின் துன்பம் தீர்ந்திருக்க வேண்டும், மாறாகப் பெருகிற்று. குலவழக்கை மீறி எளியோரோடு உடனமர்ந்து உண்டது அரசவையில் பகையை வளர்த்தது. 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். எருமைமீது பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டதையும், சாட்டையடியால் உண்டான புண்ணில் மிளகாய்ப்பொடி தூவப்பட்டதையும், பெருவிளையில் மரத்தோடு பிணைக்கப்பட்டதையும் மக்கள் மரபு இன்றும் சொல்லும். தாகத்தால் தவித்து வேண்டியபோது நீர் சுரந்ததாக நம்பப்படும் பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதனைச் சமயப் பூசலாக மட்டும் காண்பது பொருந்தாது. அதே மன்னர், அதே சமயத்தவரான டிலனாயைத் தம் படைக்குத் தலைவராக்கினார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. எனவே எச்சமயத்தாரும் இவ்வரலாற்றினின்று பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தோர் நாம். நோயும் இழப்பும் நம் வாயிலுக்கு வருங்கால், ‘வணங்கியும் பயனில்லையே’ என்று மனம் துவள்வதுண்டு. துன்பம் வராதபடி காக்கும் வேலியாக விசுவாசத்தைத் தேவசகாயம் கருதவில்லை. துன்பம் வந்தபின் காலூன்றி நிற்கும் நிலமாகவே கொண்டார். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லத்தக்க செல்வம் இவ்வுறுதியேயாம்.