பிரசவத்திற்குத் தாய்வீடு வருவோருக்கான அரசு உதவிகள்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்

வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், ஏழாம் மாத வளைகாப்பிற்குப் பின் திருச்சிராப்பள்ளியிலோ ஸ்ரீரங்கத்திலோ உள்ள தாய்வீட்டிற்கு வருவது நெடுங்கால வழக்கம். காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாத பெண்ணுக்கு ஈசனே தாயாக வந்து பேறுபார்த்த கதையால்தான் மலைக்கோட்டை இறைவனுக்குத் தாயுமானவர் என்ற பெயர். ஆனால் உங்கள் மருத்துவப் பதிவு தானாக உங்களுடன் இடம்பெயர்ந்து வருவதில்லை. கர்ப்பகாலப் பரிசோதனை ஓர் ஊரிலும் பிரசவம் மற்றோர் ஊரிலும் நடக்கும்போது உதவித்தொகையும் தடுப்பூசியும் விடுபட்டுப்போக இடமுண்டு. அதைத் தவிர்க்க நீங்கள் செய்ய வேண்டியவை இங்கு விளக்கப்படுகின்றன.

பிக்மி எண்

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரங்களுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதியின் சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். அப்போது வழங்கப்படும் 12 இலக்க எண்ணே பிக்மி எண் அல்லது ஆர்.சி.எச். எண் எனப்படுகிறது. தனியார் மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்பவர்களும் இதனைப் பெற வேண்டும். பிறப்புப் பதிவின்போதும் இவ்வெண் கேட்கப்படும்.

தமிழ்நாட்டிற்குள் எங்குச் சென்றாலும் எண் மாறாது. எனவே தாய்வீட்டில் புதிய எண்ணுக்குப் பதிவு செய்யாதீர்கள். ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால், தடுப்பூசி விவரம் ஒன்றிலும் வங்கிக் கணக்கு மற்றொன்றிலும் ஏறி, தவணைத் தொகை நின்றுபோகக்கூடும். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே தாய் சேய் நல அட்டை, ஆதார் அட்டை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றுடன் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, உங்கள் வருகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வலி வந்த பிறகு தேடிக்கொள்ளலாம் என்று இதனைத் தள்ளிப்போட வேண்டாம்.

மகப்பேறு நிதியுதவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். (அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த மருத்துவரின் பெயரைத் தாங்கிய திட்டம் இது.) இதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது, 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் வழங்கப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு முதல் ரொக்கம் மூன்று தவணைகளாகக் கிடைக்கிறது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தையின் நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000 ரூபாய். வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த தாய்மார்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு இவ்வுதவி உண்டு.

குழந்தை பிறந்த பிறகான இரு தவணைகளும் தடுப்பூசிக் காலத்தை ஒட்டியவை. பிரசவத்திற்குப் பின் மூன்று அல்லது ஐந்து மாதங்கள் தாய்வீட்டில் தங்குவோரின் குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் இங்கேயே போடப்படும். அட்டையில் தேதி குறிக்கப்பட்டால் மட்டும் போதாது. உங்கள் எண்ணின் கீழ் கணினியில் பதிவானதா என்று ஒவ்வொரு முறையும் செவிலியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருத்தல் வேண்டும். கணவர் அல்லது மாமியார் கணக்கு ஏற்கப்படாது. திருமணத்திற்குப் பின் பெயரின் முதலெழுத்தை மாற்றியவர்கள், ஆதாரிலும் வங்கியிலும் அது ஒன்றுபோல் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவமும் பிறப்புச் சான்றிதழும்

ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலோ, புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், உணவு அனைத்தும் கட்டணமின்றி வழங்கப்படும். 2011ஆம் ஆண்டு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அளிக்கும் உரிமை இது. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை இவ்வுரிமை நீடிக்கிறது. யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104 எண்ணில் தெரிவியுங்கள்.

பிறப்பைப் பதிவு செய்ய வேண்டிய இடம், குழந்தை பிறந்த ஊரே. கணவரின் ஊர் சென்னையாயினும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த குழந்தையின் பதிவு இங்குதான் நடைபெறும். 21 நாட்களுக்குள் பதிவுக்குக் கட்டணமில்லை. பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

அங்கன்வாடி

சில மாதங்கள் மட்டுமே தங்கும் தாய்மார்களும் அருகிலுள்ள அங்கன்வாடி மையத்தில் பெயர் கொடுத்து இணை உணவுச் சத்துமாவு பெறலாம். குழந்தையை மாதந்தோறும் அங்கே எடை பார்ப்பது, சத்துமாவைக் காட்டிலும் முக்கியமானது. எடை தேங்கி நின்றால் அதை முதலில் காட்டுவது அந்த வளர்ச்சி அட்டைதான். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளும், ஆறு மாதத்திற்குட்பட்ட அத்தகைய குழந்தைகளின் தாய்மார்களும் கூடுதல் ஊட்டச்சத்து பெறுகின்றனர். பிறவிக் குறைபாடோ வளர்ச்சித் தாமதமோ இருப்பதாக ஐயம் எழுந்தால், மாவட்ட இடையீட்டு சேவை மையத்திற்குப் பரிந்துரை கேளுங்கள்.

பணிபுரியும் பெண்கள்

2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தமிழ்நாடு அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு.

கணவர் ஊர் திரும்புமுன், தாய் சேய் நல அட்டையை இங்குள்ள செவிலியரிடம் காட்டி, விடுபட்ட பதிவுகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியை அந்த ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். பிரசவம் முடிந்து வீடு திரும்பத் தாய் சேய் நல ஊர்திக்கு 102 எண்ணையும், அவசர நிலையில் 108 எண்ணையும் அழையுங்கள்.