பிரனீஸ் மலையும் ஒரு சொல்லும்

ஐரோப்பாவின் தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர், பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிப்பதற்கென்றே இயற்கை எழுப்பிய மதில் பிரனீஸ் மலைத்தொடர் என்று எண்ணுவர். மேற்கே பிஸ்கே விரிகுடாவிலிருந்து கிழக்கே மத்தியதரைக் கடல் வரை சுமார் 430 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது அது. அதன் தலையாய சிகரமாகிய அனெட்டோ 3,404 மீட்டர் உயரமுடையது. நடுப்பகுதியில் நெருங்கி ஓங்கும் முகடுகள் இரு முனைகளிலும் தாழ்ந்து வழிவிடுகின்றன. கி.மு. 218இல் ஹானிபால் தன் பெரும்படையோடு கடந்ததும் கிழக்கு முனையை ஒட்டியே.

இம்மலை நாட்டெல்லையாக எழுத்தில் ஏறியது 1659ஆம் ஆண்டில். இருபத்து நான்கு ஆண்டுப் போரினால் களைத்துப்போன இரு அரசுகளும், பிடசோவா ஆற்றின் நடுவிலுள்ள சிறு தீவொன்றில் உடன்படிக்கை செய்துகொண்டன. பண்டு தொட்டு இரு நாடுகளையும் பிரித்துவந்த மலைகளே இனியும் எல்லையாகும் என்பது அதன் கருத்து. எழுதுவது எளிதாயிற்று, மலையோ அதற்கு இணங்கவில்லை.

கிழக்கேயுள்ள செர்தான்யா என்னும் அகன்ற பள்ளத்தாக்கில் அச்சிக்கல் வெளிப்பட்டது. அங்கு ஓடும் சேக்ரே ஆறு தெற்கே சென்று ஸ்பெயினின் எப்ரோ நதியில் கலக்கிறது. நீர் ஓடும் திசையை நோக்கின், பள்ளத்தாக்கு முழுவதும் ஸ்பெயினையே சாரவேண்டும். ஆயினும் பிரான்சு அதில் பங்கு கேட்டது. 1660இல் முப்பத்து மூன்று கிராமங்களை அதற்கு அளிப்பதென முடிவாயிற்று. லிவியா என்னும் ஊரின் முறை வந்தபோது ஸ்பெயின் தரப்பினர் மறுத்தனர். "கிராமங்களைத் தர இசைந்தோம், லிவியாவோ நகரம் என்னும் தகுதி பெற்றது" என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் வென்றது; மதில் எழுப்பி அரண் செய்தல் கூடாது என்ற நிபந்தனையோடு லிவியா ஸ்பெயினுக்கே நின்றது. இன்றும் சுமார் 13 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்வூர், நாற்புறமும் பிரான்சு சூழ, ஸ்பெயினுக்கு உரியதாகவே விளங்குகிறது.

அரசாணைகளை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் பணியில் அமர்ந்துள்ள நமக்கு இச்செய்தி வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருகிறது. ஒரு சொல்லின் பொருளால் ஓர் ஊரின் நாடு முடிவாயிற்று அன்றோ!

ஆயின், அச்சொல் லிவியாவின் மொழியைக் காத்ததா? இரு பக்கத்தாரும் பேசியது கட்டலான் மொழியே. 1700இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தம் பக்கத்து அலுவல்களில் கட்டலானை விலக்கினார். 1716இல் ஸ்பெயின் மன்னரும் தம் ஆணையால் உயர்நீதிமன்றத்தில் அதன் இடத்தைக் காஸ்டிலியனுக்குக் கொடுத்தார். எந்தப் பக்கம் நின்றாலும் இழப்பு ஒன்றாகவே இருந்தது. பின்னர் 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் கட்டலானுக்கு இடமில்லாது போயிற்று. ஸ்பெயின் பக்கத்தில் 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம் அதனை மீண்டும் ஆட்சிமொழியாக்கியது. பிரான்சின் பக்கத்திலோ ஆட்சிமொழி பிரெஞ்சு ஒன்றே.

ஆணைகள் மறுத்த அந்நெடுங்காலத்தில் அம்மொழி எங்கே தங்கியிருந்தது? அடுப்பங்கரையில், ஆட்டுக்கிடையில், தாய் குழந்தையை அழைக்கும் குரலில். அலுவலகத்தில் ஒரு மொழியும் அங்காடியில் ஒரு மொழியுமாகப் பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை எளிதில் உணர்வோம். நம்மை எந்த ஆணையும் தடுக்கவில்லை. மாலையில் வீடு திரும்பியதும் நம் பிள்ளைகளோடு எம்மொழியில் பேசுகிறோம் என்பது நம் கையிலேயே இருக்கிறது.