விடைக்குறிப்பு இல்லாத மேசை

முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? 1970களின் நடுவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன் இந்தக் கேள்வியோடு பேராசிரியர்களை அணுகினார். பதிலுக்குப் பஞ்சமில்லை. படிப்பில் ஊக்கம் போதாது என்றார்கள் சிலர். பள்ளியில் போட்ட அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்பின் அருமை தெரிந்தவர்கள் இல்லை, எல்லாவற்றுக்கும் மேல் வறுமை என்றார்கள் மற்றவர்கள். கேட்பதற்கு நான்குமே நியாயமாகத்தான் இருந்தன. அவற்றை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல், மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார் என்பதுதான் ட்ரைஸ்மன் செய்த நல்ல காரியம்.

கறுப்பின மாணவர்கள் 20 பேர். அதே பாடத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர். 18 மாதங்கள் இரு தரப்பையும் தொடர்ந்து கவனித்ததில், நான்கு பதில்களும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. அந்தக் கறுப்பினப் பிள்ளைகளில் பலர் தங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர்கள். குடும்பமே அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பக் கனவு கண்டிருந்தது. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று ஆசிரியர் சொன்னால், அதை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு உட்கார்ந்து படித்ததே இல்லை.

சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் கணக்குப் போட்டார்கள். மாலையானால் கூடினார்கள். சில நாள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்தார். அண்ணனோ ஒன்றுவிட்ட சகோதரனோ வந்து கேள்வி கேட்டான். பழைய வினாத்தாள்களையும் அலசினார்கள். எல்லோரும் திணறும் கணக்கு எது, தான் மட்டும் திணறும் கணக்கு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் படித்தவனுக்கு அது தெரிய வழியில்லை. தேர்வு முடிவு வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று அவன் நினைத்திருந்தான். நம் ஊர் விடுதிகளில் ‘கம்பைண்ட் ஸ்டடி’ என்ற பெயரில் அரட்டையும் டீயுமாகக் கழியும் இரவுகளைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் சங்கடமானதுதான்.

1978இல் ட்ரைஸ்மனும் அவருடைய சகாக்களும் கணிதப் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார்கள். பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. அப்படி வைத்தால் பள்ளியில் முதலாக வந்த பிள்ளை அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். தேர்ந்த மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அழைத்து, வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவின் நடுவே வைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களிடையே தோல்வி வெகுவாகக் குறைந்தது. ஆர்வம் உள்ளவர்கள்தானே வந்து சேர்ந்திருப்பார்கள், முழுப் பெருமையும் பயிலரங்குக்கு எப்படிப் போகும் என்ற கேள்வி அன்றே எழக்கூடியது, இன்றும் அது நியாயமான கேள்விதான். இதற்குச் சற்று முன்பே, 1973இல், கான்சஸ் சிட்டியில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் என்பவர், முன்பு அந்தப் பாடத்தில் தேறிய மாணவரைக் கொண்டு துணை வகுப்பு நடத்தும் முறையைத் தொடங்கியிருந்தார். அங்கே வருவதும் வராததும் மாணவர் விருப்பம்.

விருப்பத்துக்கு விடாமல், சேர்ந்து படிப்பதைப் பாடத்தின் உள்ளேயே கொண்டுவந்து வைத்தது நியூயார்க் நகரின் சிட்டி காலேஜ். 1847இல் தொடங்கி, 1976 வரை கட்டணம் வாங்காமல் நடந்த கல்லூரி அது. குடியேறிகளின், தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் இடம். 1937இல் பட்டம் பெற்று வெளியேறிய ஒரே வகுப்பில் பின்னாளைய நோபல் பரிசாளர்கள் மூவர் இருந்தார்கள்: ஆர்தர் கார்ன்பெர்க், ஜெரோம் கார்ல், ஹெர்பர்ட் ஹாப்ட்மன். அந்தக் காலத்தில் அங்கிருந்த உணவுக்கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் ஒரு குழு பிடித்துவைத்திருந்தது. ஸ்டாலினை ஏற்பவர்கள் ஒரு மூலையில், எதிர்ப்பவர்கள் அடுத்த மூலையில் நாள் முழுக்க வாதாடினார்கள். வகுப்பறையைவிட அங்கேதான் அதிகம் கற்றதாகப் பலர் பின்னால் சொன்னதுண்டு. பின்னாளில் அங்கே குழுவாகப் படிக்கவைத்த வேதியியல் பேராசிரியர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் முறையை வகுத்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும் அந்தக் கட்டடங்களுக்கு வாக்குவாதம் புதிதல்ல.

1970இல், சிட்டி காலேஜும் அடங்கிய நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், உள்ளூர் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் இடம் என்று அறிவித்தது. இடம் கிடைத்தது, தேர்ச்சி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பொது வேதியியல் ஒரு வடிகட்டி போல நின்றது. மருத்துவம், பொறியியல் என்று வந்தவர்கள் மோல் கணக்கிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் டேவிட் காஸர் உள்ளிட்ட ஆசிரியர்கள், அதே பாடத்தை முந்தைய ஆண்டு நன்றாக முடித்த மாணவர்களை அழைத்து, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களுக்குப் பொறுப்பாக வைத்துப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரப் பயிலரங்கு. 1990களின் நடுவில் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதி வந்தது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜாக் கேம்ப்மையர், விக்கி ராத், சிகாகோவிலிருந்து பிரதிபா வர்மா-நெல்சன் எனப் பலர் சேர்ந்தார்கள். ‘பியர்-லெட் டீம் லேர்னிங்’ (சக மாணவர் வழிநடத்தும் குழுக் கற்றல்) என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது.

இதைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு நம் சட்டாம்பிள்ளை நினைவுக்கு வருவார். அந்த நினைப்பில் நியாயம் உண்டு. 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதை ஆண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கும் கொண்டுவர முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் வழியாக இது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

ஆனால் சட்டாம்பிள்ளைக்கும் நியூயார்க்கில் குழுவுக்குப் பொறுப்பான மாணவத் தலைவருக்கும் இடையே தூரம் அதிகம். சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்த பாடத்தை முறைவைத்துச் சொல்லவைப்பார், பிசகினால் திருத்துவார். எழும்பூர்ப் பையனும் அதைத்தான் செய்தான். குறைந்த ஆசிரியர்களை வைத்துக்கொண்டு நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருந்தபோது அது மலிவான, கெட்டிக்கார வழி. சிட்டி காலேஜிலோ கணக்கைப் போட்டுக் காட்டுவது தலைவரின் வேலை இல்லை. இன்னும் ஒரு படி மேலே போய், பயிலரங்குக் கணக்குகளுக்கு விடைக்குறிப்பே கொடுப்பதில்லை என்று வைத்தார்கள். மாணவர்களுக்கும் கிடையாது, தலைவருக்கும் கிடையாது.

முதலில் பார்க்க இது வீம்பு போலத் தோன்றும். ஆனால் விடை ஒரு தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் குழு அந்தத் தாளுக்காகத்தான் காத்திருக்கும். அது இல்லை என்றானபின், ‘இந்த விடை சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?’ என்று எதிரே இருப்பவனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அலகு சரியாக வருகிறதா, இன்னொரு வழியில் போட்டால் அதே எண் கிடைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆய்வகத்தில் யாரும் பின்பக்கத்தில் விடை அச்சிட்டுத் தருவதில்லை என்பது வேதியியல்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

கையில் விடை இல்லாமல் எட்டுப் பேரின் நடுவே உட்காருவது ஒரு தலைவருக்கு எளிதல்ல. அதனால்தான் ரோசெஸ்டரில் கற்றல் வல்லுநரான விக்கி ராத், கரிம வேதியியல் தலைவர்களுக்கென்றே தனிப் பயிற்சி வகுப்பை உருவாக்கினார். எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதும் அங்கே பாடம். இந்த முறைக்கென்று வகுத்த ஆறு நிபந்தனைகளில் ஒன்று இடம், நேரம், குழுவின் அளவு ஆகியவற்றோடு அறையின் இரைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அமைதியே ஒழுங்கு என்று வளர்ந்த நம் கல்லூரி முதல்வர்கள் படிக்க வேண்டிய வரி அது.

2001இல் இந்த முறைக்கான கையேடு வெளிவந்தபின் இயற்பியல், உயிரியல், கணிதம் எனப் பல துறைகளுக்கும் இது போனது. போன இடத்தில் எல்லாம் பழைய சட்டாம்பிள்ளையும் அவ்வப்போது எட்டிப் பார்த்தார். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் குழுக்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, எல்லாத் தலைவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது. தலைவர் ஆசிரியராக மாறிய குழுவில் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சூத்திரத்தில் எண்களைப் பொருத்தினார்கள். அவர் கேள்வியோடு நிறுத்திக்கொண்ட குழுவில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இரண்டு மேசைகளும் ஒரே பாடத்துக்கானவைதான்.